குதிரைத் திறனை எந்தத் தராசில் நிறுப்பது?



பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழைய வழக்கு நினைவிருக்கும். காலையில் வெட்டிய பாலை வாளியில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டு போவோம். கிராணி அதை நிறுப்பார். பிறகு கொஞ்சம் பாலில் நீர் கலந்து, மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியை அதில் விட்டு, 'இதில் காய்ந்த ரப்பர் இத்தனை சதவீதம்' என்று எழுதிக் கொள்வார். அதே பாலைத் தொழிற்சாலைக்கு எடுத்துப் போய், அமிலம் விட்டு உறைய வைத்து, அழுத்தி, அடுப்பில் உலர்த்தி நிறுத்துப் பார்த்தால் வேறொரு சதவீதம் வரும். பால் ஒன்றுதான், வெட்டிய கையும் ஒன்றுதான், ஆனால் கணக்கு இரண்டு. 'கிராணி ஏமாற்றுகிறார்' என்று ஸ்டோர் வாசலில் சத்தம் எழும். சில நேரம் அந்தச் சத்தத்தில் நியாயம் இருந்ததுண்டு. ஆனால் பல நேரம் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இரண்டு வேறு முறையில் அளந்த எண்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்ததால் வந்த வினை அது.

இன்று பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. ஸ்டோர் வாசல் சத்தமும் அடங்கிவிட்டது. ஆனால் அதே வழக்கு இப்போது வேறு வேடத்தில் நம் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறது. பிள்ளைகள் கார் வாங்குகிறார்கள். வாங்கிய காருக்கு 'பவர்' ஏற்றுகிறார்கள். ஏற்றிய பவர் எவ்வளவு என்று பட்டறையில் அளந்து, ஒரு தாளில் அச்சடித்து வாங்கி வருகிறார்கள். அந்தத் தாளைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம்.

நாங்கள் அறிந்த ஒரு குடும்பத்தின் கதையிலிருந்து தொடங்குவோம். பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் தந்தை. மகன் ஆலைப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, இரண்டு ஆண்டு சம்பளத்தில் மிச்சம் பிடித்து, 2016ஆம் ஆண்டில் வெளிவந்த வகைப் புரோட்டோன் சாகா ஒன்றை வாங்கினான். 1.3 லிட்டர் இயந்திரம், கையால் மாற்றும் கியர். அவன் அக்காள் கணவர் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கிறார். அவரிடமும் அதே வகைச் சாகாதான். ஆனால் அவர் 3,500 வெள்ளி செலவழித்து, காற்று வடிகட்டியையும் புகைக் குழாயையும் மாற்றி, இயந்திரத்தை ஆளும் கணினியையும் திருத்தி வைத்திருந்தார்.

தம்பி தன் காரை ஈப்போ பக்கத்துப் பட்டறை ஒன்றில் அளந்தான். தாளில் 74 என்று வந்தது. மச்சான் அவர் ஊர்ப் பட்டறையில் அளந்தார். அவருக்கு 87. தீபாவளிக்கு எல்லாரும் கூடியபோது இரண்டு தாளும் மேசைமேல் வந்தன. 'பார்த்தாயா மாப்பிள்ளை, 13 குதிரை அதிகம். 3,500 வெள்ளிக்கு இது மலிவு' என்றார் மச்சான். தம்பியிடம் அந்தப் பணம் இல்லை. அப்பாவின் போனஸ் பணம் இருந்தது. அதை அவர் வீட்டுக் கூரை மாற்ற வைத்திருந்தார். அந்தப் பணத்தைக் கேட்டதில் வீட்டில் இரண்டு வாரம் பேச்சு நின்றது. அம்மா நடுவில் நின்று தவித்தார்.

அந்த 13 குதிரைகளும் உண்மையான குதிரைகளா என்பதே கேள்வி. அதற்கு விடை தேட, முதலில் குதிரைத் திறன் என்றால் என்ன என்று பார்க்க வேண்டும்.

பழைய பாடப் புத்தகங்களில் குதிரைச் சக்தி என்று படித்திருப்போம். நீராவி இயந்திரத்தைச் சீர்திருத்திய ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் வாட், தம் இயந்திரம் எத்தனை குதிரைகளுக்கு ஈடு என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஆலைச் செக்கைச் சுற்றும் குதிரை எவ்வளவு இழுக்கிறது, எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று கணக்கிட்டு, ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயரம் தூக்கும் வேலைக்கு ஒரு குதிரைத் திறன் என்று பெயர் வைத்தார். பின்னாளில் ஐரோப்பியர் மீட்டர், கிலோ கணக்கில் இன்னொரு குதிரையை உண்டாக்கினார்கள். 75 கிலோவை ஒரு வினாடியில் ஒரு மீட்டர் தூக்கினால் அது அவர்களுடைய ஒரு குதிரை.

செம்பனைக் குலை தூக்குபவர்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை. 25 கிலோக் குலைகள் மூன்றைச் சேர்த்து ஒரே வினாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்குவதுதான் ஒரு குதிரைத் திறன். மூன்று குலைகளையும் யார் வேண்டுமானாலும் தூக்கிவிடலாம், நேரம் கொடுத்தால். 'எவ்வளவு' என்பதோடு 'எவ்வளவு நேரத்தில்' என்பதும் சேர்ந்ததே திறன்.

வாட் வைத்த குதிரையும் ஐரோப்பியக் குதிரையும் ஒரே உயரம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முதலாவது 745.7 வாட். இரண்டாவது 735.5 வாட். முதலாவதை எச்.பி. என்றும் இரண்டாவதை பி.எஸ். என்றும் எழுதுவார்கள். தம்பி வைத்திருந்த சாகாவின் இயந்திரம் 70 கிலோவாட். அதை எச்.பி.யில் சொன்னால் 94, பி.எஸ்.ஸில் சொன்னால் 95. காரில் ஒரு திருகாணி கூட மாறவில்லை, பெயர் மாறியதில் ஒரு குதிரை கூடிவிட்டது.

அது சரி, 94 இருக்க வேண்டிய இடத்தில் தம்பியின் தாளில் 74தானே வந்தது, மீதி எங்கே போனது? தயாரிப்பாளர் சொல்லும் எண், இயந்திரத்தைத் தனியே எடுத்து மேடையில் பூட்டி, அதன் அச்சிலேயே அளந்தது. பட்டறையில் அளப்பது, கியர் பெட்டி, அச்சுத் தண்டு, சக்கரம், டயர் எல்லாவற்றையும் கடந்து தரைக்கு வந்து சேர்வதை. நடுவில் உராய்வும் சூடும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன. தோட்டத்தில் கிளம்பிய குலை லோரியில் ஆலைக்கு வரும்போது உதிர்ந்த பழங்களைக் கழித்துத்தானே எடை வருகிறது. இந்தக் கழிவு பத்தில் ஒரு பங்காகவும் இருக்கலாம், ஐந்தில் ஒரு பங்கையும் தாண்டலாம். காருக்குக் கார் மாறும், அளக்கும் இயந்திரத்துக்கு இயந்திரமும் மாறும். சில பட்டறைகள் சக்கரத்தில் வந்த எண்ணோடு தாங்களாகவே 15 அல்லது 20 சதவீதத்தைச் சேர்த்து 'இதுதான் இயந்திரத் திறன்' என்று அச்சடித்துக் கொடுக்கின்றன. அது அளந்த எண் அல்ல, ஊகம். தாளை வாங்கியதும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: 'போஸ், இது சக்கரத்தில் வந்ததா, நீங்கள் கூட்டிப் போட்டதா?'

இனி, அளக்கும் கருவிக்கு வருவோம். அதற்கு டைனமோமீட்டர் என்று பெயர், சுருக்கமாக டைனோ. 1821இல் பிரெஞ்சுக்காரர் காஸ்பார் தெ பிரோனி ஒரு கருவி செய்தார். சுழலும் தண்டை மரக்கட்டைகளால் இறுக்கிப் பிடித்து, கட்டையோடு சேர்ந்த நீண்ட கையின் முனையில் எடை தொங்கவிட்டு, எவ்வளவு எடை போட்டால் கை அசையாமல் நிற்கிறது என்று பார்ப்பது. பிரேக் போட்டு அளந்ததால்தான் 'பிரேக் குதிரைத் திறன்' என்ற சொல் இன்றும் இருக்கிறது. 1877இல் இங்கிலாந்தின் வில்லியம் ஃபுரூட், மரக்கட்டைக்குப் பதில் தண்ணீரால் தடுக்கும் டைனோவைச் செய்தார்.

இப்போது பட்டறைகளில் இருப்பவற்றில் பெரும்பாலானவை உருளை டைனோக்கள். தரையில் பெரிய இரும்பு உருளைகள் பதித்திருக்கும். காரை ஏற்றி, இயங்கும் சக்கரங்களை அவற்றின்மேல் நிறுத்தி, பட்டைகளால் வண்டியை இழுத்துக் கட்டி, ஓட்டுவார்கள். கார் நகராது, உருளை சுழலும். மணிக்கு 126 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 35 மீட்டர் வேகத்தில், டயர் உருளையை 161 கிலோ விசையுடன் தள்ளுவதாகக் கருவி காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 161ஐ 35ஆல் பெருக்கினால் 5,635. அதை 75ஆல் வகுத்தால் 75 பி.எஸ். எச்.பி.யில் 74. தம்பியின் தாளில் வந்த எண் இப்படித்தான் பிறந்தது. கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். அந்த 161 கிலோவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதில்தான் சிக்கல் எல்லாம்.

இதற்குப் பட்டறைகளில் பல வழி உண்டு. ஒரு வகை டைனோவில் உருளை மிகப் பாரமானது, அதன் பாரம் துல்லியமாகத் தெரியும். அவ்வளவு பாரத்தைக் கார் எவ்வளவு சீக்கிரம் வேகமெடுக்க வைக்கிறது என்று பார்த்துத் திறனைக் கணக்கிடுவார்கள். அமெரிக்காவின் டைனோஜெட் இந்த வகையால் பெயர் பெற்றது. இன்னொரு வகையில் மின்காந்தம் உருளையைப் பிடித்துத் தடுக்கும். எவ்வளவு பிடிக்க வேண்டியிருக்கிறது என்பதை விசை உணர்கருவி காட்டும். பிரோனியின் மரக்கட்டைக்கு இது பேரப்பிள்ளை. அமெரிக்காவின் மஸ்டாங், ஆஸ்திரேலியாவின் டைனோ டைனமிக்ஸ் இந்த வழியில் வந்தவை. மூன்றாவது வகையில் சக்கரத்தையே கழற்றிவிட்டு, அச்சு முனையில் நேராகக் கருவியைப் பூட்டுவார்கள். நியூசிலாந்தின் டைனாபேக் அப்படிப்பட்டது. டயரே இல்லாததால் டயர் நசுங்கி வீணாகும் திறன் அங்கே கணக்கில் விழாது.

ஒரே காரை இந்த மூன்றிலும் ஏற்றினால் மூன்று எண் வரும். பாரமான உருளையை முடுக்கும் வகையில் எண் பொதுவாகக் கொஞ்சம் அதிகமாகவும், பிரேக் பிடிக்கும் வகையில் குறைவாகவும் வருவது வழக்கம். ஆனால் எல்லா இடத்திலும் அப்படியே என்று அடித்துச் சொல்ல முடியாது, ஏனெனில் கருவியின் கணினியில் பட்டறைக்காரர் வைக்கும் அமைப்பும் எண்ணை மாற்றும். விசை உணர்கருவி உள்ள டைனோவில் அவ்வப்போது தெரிந்த எடையைத் தொங்கவிட்டுச் சரிபார்க்க வேண்டும். சந்தையில் தராசுக்கு அரசாங்க முத்திரை உண்டு, ஆண்டுதோறும் சோதிக்கிறார்கள். டைனோவைச் சரிபார்ப்பது பட்டறைக்காரரின் மனச்சாட்சியைப் பொறுத்தது.

இது போதாதென்று காற்றும் சேர்ந்துகொள்கிறது. இயந்திரம் பெட்ரோலை எரிப்பது காற்றிலுள்ள உயிர்வாயுவைக் கொண்டு. காற்று அடர்த்தியாக இருந்தால் திறன் கூடும், சூடாகவோ ஈரமாகவோ இலேசாகவோ இருந்தால் குறையும். தாப்பாவிலிருந்து கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பழைய லோரியில் ஏறியவர்களுக்கு இது தெரியும். வளைவு ஏற ஏற வண்டிக்கு மூச்சு வாங்கும். ஏற்றம் மட்டும் காரணமல்ல. 1,400 மீட்டருக்கு மேல் உள்ள தானா ராத்தாவை அடையும்போது, டர்போ இல்லாத இயந்திரம் கீழே இருந்த திறனில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது.

ஆகவே, எந்த ஊரில் எந்த வானிலையில் அளந்தாலும் ஒப்பிட முடிய வேண்டும் என்பதற்காகத் திருத்தக் கணக்கு என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். 'இன்றைக்குக் காற்று இப்படி இருந்தது, ஆனால் நிர்ணயித்த காற்றாக இருந்திருந்தால் இந்தக் கார் இவ்வளவு காட்டியிருக்கும்' என்று கணினி ஒரு பெருக்கல் போட்டுவிடும். நல்ல எண்ணத்தில் செய்த காரியம்தான். ஆனால் 'நிர்ணயித்த காற்று' எது என்பதில் ஒற்றுமை இல்லை. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ.யின் ஜே 1349 என்னும் விதி 25 டிகிரி செல்சியஸ் சூட்டை வைத்துக்கொள்கிறது. அதே சங்கத்தின் பழைய விதி ஒன்று சுமார் 15.5 டிகிரியையும், கூடுதலான காற்றழுத்தத்தையும் வைத்துக்கொள்கிறது. தாளில் 'எஸ்.டி.டி.' என்று போட்டிருந்தால் இந்தப் பழைய விதி. 15.5 டிகிரி நம் நாட்டுச் சமவெளியில் யார் கண்டார்கள்!

நமது ஊர்ப் பிற்பகலையே எடுத்துக்கொள்வோம். வெயில் 33 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 70 சதவீதம், கடல் மட்டத்தை ஒட்டிய ஊர். டைனோ உண்மையில் அளந்தது 100 என்று வைப்போம். ஜே 1349 விதியில் போட்டால் தாளில் 103க்குச் சற்று மேல் வரும். பழைய விதியில் போட்டால் 107 வரும். ஒரே கார், ஒரே ஓட்டம், ஒரே நிமிடம். பட்டறைக்காரர் கணினியில் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பதில் ஏழு குதிரை வரவும் செய்யும், போகவும் செய்யும்.

இந்த இடத்தில் உள்நோக்கத்தோடு விளையாடவும் முடியும் என்பதைச் சொல்லாமல் விட நமக்கு மனம் வரவில்லை. காற்றின் சூட்டை அளக்கும் சிறு கம்பியைச் சூடான இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால், கணினி 'ஐயோ, இன்று இவ்வளவு வெப்பமா' என்று இரக்கப்பட்டு எண்ணை உயர்த்திக் கொடுத்துவிடும். மாற்றம் செய்வதற்கு முன்பு விசிறி இல்லாமல் அளந்துவிட்டு, மாற்றம் செய்தபின் பெரிய விசிறியை முகத்துக்கு நேரே வைத்து அளந்தால், அந்த விசிறி சம்பாதித்த குதிரைகள் புகைக் குழாயின் கணக்கில் சேரும். டர்போ உள்ள கார்களில் இன்னொரு குழப்பம். டர்போ தானே காற்றை அழுத்திச் சேர்த்துக்கொள்வதால், வானிலைக் குறையில் பெரும்பகுதியை அதுவே ஈடுசெய்துவிடுகிறது. அதற்கும் மேலே சாதாரணக் காருக்குரிய திருத்தத்தைப் போட்டால் இல்லாத குதிரைகள் தாளில் தோன்றும்.

அளவு முறை மாறினால் எண் எவ்வளவு தூரம் மாறும் என்பதற்குச் சரித்திரமே சாட்சி. 1971ஆம் ஆண்டின் கடிலாக் எல்டொராடோ காரின் 8.2 லிட்டர் இயந்திரத்துக்கு 365 குதிரைத் திறன் என்று தயாரிப்பாளர் சொன்னார். 1972இல் அதே இயந்திரத்துக்கு 235 என்று சொன்னார். இயந்திரம் கெட்டுப்போகவில்லை. அதுவரை காற்று வடிகட்டி, முழுப் புகைக் குழாய் போன்ற பாரங்கள் இல்லாமல் தனி இயந்திரமாக ஓட்டி அளந்து 'மொத்தத் திறன்' சொல்லி வந்தார்கள். பிறகு காரில் இருப்பதுபோல் எல்லாவற்றையும் பூட்டி 'நிகரத் திறன்' சொல்லத் தொடங்கினார்கள். சம்பளச் சீட்டில் மொத்தச் சம்பளமும் கைக்கு வரும் சம்பளமும் போல. அந்த ஒரே திருத்தத்தில் காகிதத்திலிருந்து 130 குதிரைகள் ஓடிப்போயின.

மற்றச் சின்னச் சின்னக் காரணங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறோம். டயரில் காற்று குறைந்தால் உருளையில் வீணாவது அதிகம். பட்டையை மிக இறுக்கிக் கட்டினாலும் அப்படித்தான். பாரமான ரிம் போட்ட கார், முடுக்கும் வகை டைனோவில் குறைத்துக் காட்டும். எந்தக் கியரில் ஓட்டினார்கள் என்பதும், இயந்திரம் எவ்வளவு சூடாக இருந்தது என்பதும் கணக்கில் சேரும். ஒரே டைனோவில் ஒரே காரை அடுத்தடுத்து மூன்று முறை ஓட்டினாலும் ஒன்றிரண்டு குதிரை ஏறி இறங்கும். ஆகையால் ஒரே ஓட்டத்தில் வந்த மிகப் பெரிய எண்ணைத் தாளில் போட்டுக் கொடுப்பவரைவிட, மூன்று ஓட்டத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து காட்டுபவரை நாம் அதிகம் நம்பலாம்.

இப்போது தீபாவளி மேசைக்குத் திரும்புவோம். இரண்டு தாளையும் நாங்கள் வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தோம். தம்பியின் 74, பிரேக் வகை டைனோவில், ஜே 1349 விதியில், எச்.பி. கணக்கில். மச்சானின் 87, பார உருளையை முடுக்கும் டைனோவில், பழைய விதியில், பி.எஸ். கணக்கில். மூன்றும் வேறு!

கையிலிருந்த பென்சிலால் கணக்குப் போட்டோம். 87 பி.எஸ். என்பது எச்.பி.யில் 86க்குச் சற்றுக் குறைவு. பழைய விதியிலிருந்து புதிய விதிக்கு மாற்ற ஏறக்குறைய 4 சதவீதம் கழித்தால் 82 அல்லது 83. பதின்மூன்று என்று பேசிய வித்தியாசம், காரைத் தொடாமலேயே எட்டு ஒன்பதுக்கு இறங்கிவிட்டது. அந்த எட்டு ஒன்பதிலும் டைனோவின் வகை எவ்வளவு, புகைக் குழாயும் கணினியும் கொண்டுவந்தது எவ்வளவு என்று பென்சிலால் பிரிக்க வழியில்லை. சிலர் 'இந்த டைனோ எண்ணை அந்த டைனோவுக்கு மாற்ற இத்தனையால் பெருக்கு' என்று வாய்ப்பாடு சொல்வார்கள். அதை நாம் நம்புவதற்கில்லை. ஒரு காருக்குப் பொருந்திய பெருக்கல் அடுத்த காருக்குப் பொருந்தாது.

வழி ஒன்றுதான் இருந்தது: இரண்டு காரையும் ஒரே டைனோவில், ஒரே காலையில், ஒரே விசிறிக்கு முன்னால், ஒரே விதியில் அளப்பது. மச்சான் முதலில் ஒப்பவில்லை. 'என் தாள் பொய் என்கிறீர்களா மாமா?' என்று அப்பாவிடம் வருத்தப்பட்டார். பொய் என்று யாரும் சொல்லவில்லை, மெட்ரோலாக் கணக்கும் அடுப்புக் கணக்கும் சண்டை போட்டதை மறந்துவிட்டாயா என்று அப்பாதான் சமாதானம் சொன்னார். மச்சானும் தோட்டத்துப் பிள்ளைதானே, சிரித்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தம்பி முன்பு அளந்த அதே பட்டறைக்கு இரண்டு காரும் போயின. இரண்டிலும் ஒரே வகை எண்ணெய், ரான் 95. இரண்டின் முன் டயர்களிலும் காற்றைச் சமமாக்கச் சொன்னோம். இரண்டும் நான்காம் கியரில், மூன்று மூன்று ஓட்டம். கட்டிய வண்டிக்கு நேர் முன்னாலும் பின்னாலும் நிற்க வேண்டாம் என்றும், புகைக் குழாயின் நச்சுப் புகை வெளியேறக் கதவு திறந்திருக்க வேண்டும் என்றும் பட்டறைக்காரரே சொல்லி எல்லாரையும் ஓரமாக நிறுத்தினார். இப்படிச் சொல்லாத இடத்தில் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள்.

தம்பியின் காருக்கு நடு எண் 75 வந்தது. மச்சானின் காருக்கு 79. வித்தியாசம் நான்கு. திரையில் இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அந்த நான்கும் இயந்திரம் நிமிடத்துக்கு 5,000 சுற்றைத் தாண்டிய பிறகுதான். அதற்குக் கீழே, தோட்டத்துச் சாலையிலும் சந்தைக்குப் போகும் வழியிலும் கார் ஓடும் அந்தப் பகுதியில், இரண்டு கோடும் ஒட்டிக் கிடந்தன. ஓரிடத்தில் மாற்றம் செய்யாத கார்தான் ஒரு மயிரிழை மேலே இருந்தது. தாளின் உச்சி எண்ணை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. கோட்டின் முழு வடிவத்தையும் பார்க்க வேண்டும் என்று பட்டறைக்காரர் சொன்னபோது, அப்பா கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

'நாலு குதிரைக்கு 3,500 வெள்ளி. அப்படியானால் ஒரு குதிரை 875 வெள்ளியா?' என்று கேட்டார் அப்பா. மச்சான் தலையைச் சொறிந்துகொண்டார். ஆனாலும் தம் காரின் சத்தம் தமக்குப் பிடித்திருக்கிறது என்றார். அது அவர் பணம், அவர் காது. அதில் நாம் சொல்ல ஒன்றுமில்லை.

தம்பிக்கு வேறொரு செலவு காத்திருந்தது. பின்பக்கம் பட்டை கட்டக் குனிந்த பட்டறைக்காரர், இரண்டு பின் டயர்களிலும் உள்நூல் தெரிவதைக் கையால் தடவிக் காட்டியிருந்தார். முன் சக்கரம் இயங்கும் கார் ஆதலால் சோதனைக்கு அது தடையாகவில்லை. வீடு திரும்பும் வழியில் ஈப்போவிலேயே நிறுத்தி இரண்டு டயர் மாற்றினார்கள். போனஸ் பணத்தில் அதற்கு மட்டும் அப்பா கொடுத்தார். கூரை அடுத்த மாதம் மாறியது.